கணக்கில் வராத முப்பத்தாறு

போன மழைக்குப் பிறகு
தடத்தின் நடுமேடு உயர்ந்துவிட்டது.
டிஃபரன்ஷியல் அதன்மேல்
கோழி அடைகாப்பதுபோல் உட்கார்ந்துகொள்ள
நான்கு சக்கரமும் ஒரு பகல் முழுக்கக்
காற்றை உழுதன.
வண்டியில் பதினொரு பண்ணைகளின் தபால்.
ஒரு பெட்டி கோழிக்குஞ்சு.
என் தண்ணீரில் பாதி
குஞ்சுகள் குடித்தன.

மறுவாரம் கூபர் பெடி.
மலையைக் குடைந்த ஸ்வோன்கோவின் பட்டறை,
வெளியே நாற்பத்துநாலு டிகிரி,
உள்ளே கிணற்றடிக் குளிர்.
முப்பத்தொரு அங்குலத்தைக் கழற்றிவிட்டு
முப்பத்துமூன்றை மாட்டு என்றேன்.

"இரண்டு அங்குலத்துக்குக் காசு கொடுப்பாய் கிளெனிஸ்,
ஓர் அங்குலம்தான் உயர்வாய்."
"இன்னோர் அங்குலம்?"
"அது மேலே போகும்,
மட்கார்டைத் தின்ன."

தின்றது.
ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தபோது
ரப்பர் தகரத்தைக் கடிக்கும் சத்தம்.
சாக்பீஸால் ஒரு பிறை வரைந்தான்,
கிரைண்டரை வைத்தான்.
ஓப்பல் தேடித் தோண்டிய சுவரெல்லாம்
ஒரு நிமிடம் பொறி.

உதிரிச் சக்கரம் பழைய கூட்டில் அடங்கவில்லை.
நாயின் இடத்தில் வைத்தோம்.
நாய் இப்போது முன்சீட்டில்,
பதிவுத் தபால்களின் மேல்.

பதினேழு வயது டீசல் எஞ்சின்
புறப்படுமுன் யோசிக்கிறது.
நான்காவது கியரில் ஏறிய மேட்டுக்கு
மூன்றாவது கேட்கிறது.
கொஞ்சம் கரும்புகை,
கொஞ்சம் முணுமுணுப்பு,
பிறகு போகிறது.
நடுமேடு அடிவயிற்றுக்குக் கீழே
தொடாமல் கடந்தபோது
சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
நாய் என்னைப் பார்த்தது.

திரும்பி வந்து மீட்டரைப் பார்த்தால்
ஐந்நூற்று அறுபத்துநான்கு.
ஒன்பது வருடமாக அறுநூறு கிலோமீட்டர் இந்த வழி.
பாலம் கட்டவில்லை, குறுக்குப் பாதை வெட்டவில்லை,
எந்தப் பண்ணையும் பக்கத்தில் நகர்ந்து வரவில்லை.

ஸ்வோன்கோ தொலைபேசியில் சிரித்தான்.
மீட்டருக்குச் சாலை தெரியாது,
சுற்றுதான் தெரியும்.
பெரிய படியில் அளந்தால்
தானியம் குறையாது,
எண்ணிக்கைதான் குறையும்.
தொண்ணூற்றுநான்கு என்று முள் சொன்னால்
நான் நூறில் போகிறேன்.

சிரிக்க எனக்கு நேரமில்லை.
தபாலுக்குக் கூலி கிலோமீட்டர் கணக்கில்.
வாராவாரம் மீட்டரைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும்.
அடிலெய்டு அலுவலகத்தில் ஃபென்னிமோர் என்றொருவர்:
"படத்தில் இருப்பதுதான் தூரம், அம்மணி."
"டயர் மாற்றினேன் ஐயா."
"டயருக்குப் படிவம் இல்லை."

முப்பத்தாறு கிலோமீட்டர்.
வாரம் ஒரு முறை, இனாமாக.
அதைச் சரிசெய்ய ஒரு சின்னப் பெட்டி உண்டாம்,
தீப்பெட்டி அளவு,
முந்நூற்றைம்பது டாலர்,
ஒயரில் கோத்துவிட்டால்
முள் உண்மை பேசும்.

அன்றிரவு பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
ஐந்து மாதத்தில் பெட்டியின் விலை திரும்பிவிடும்.
கணக்கு சரிதான்.
ஆனால் எந்த முப்பத்தாறு என்று
யாரும் சொல்லவில்லையே.

கடைசிப் பண்ணையின் கேட்டைச் சாத்தியபின்
உப்பேரியின் கரையோடு போகும் ஒரு நீளம்.
வீடில்லை, வேலியில்லை,
அஞ்சல் பெட்டி என்று ஆணியடித்த எண்ணெய் டின்கூட இல்லை.
வெள்ளை, அதற்கு மேல் நீலம்.
இத்தனை வருடம் அதைக் கூலிக்குக் கடந்தேன்,
மணிக்கு நூறில்,
வெயில் மறைப்பை இறக்கிவிட்டு.

இப்போது அங்கே கண்ணாடியை இறக்குகிறேன்.
ரேடியோவை அணைக்கிறேன்.
டயர் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு
மணலில் மெதுவாகப் போகிறேன்.
புது ரப்பரின் கட்டைகள்
ஒரே சீராக முனகுகின்றன.
நாய் தலையை வெளியே நீட்டி
காது பறக்க நிற்கிறது,
ஏதோ ஒரு தபாலின் முத்திரையை மிதித்தபடி.

அடுத்த மாதம் பெட்டியை வாங்கிவிடுவேன்.
ஸ்வோன்கோவிடம் சொல்லியிருக்கிறேன்.
போன மாதமும்
அடுத்த மாதம் என்றுதான் சொன்னேன்.